அளக்கிற கை யாருடையது?

எங்கப்பா முதுகில், வலது தோளுக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தழும்பு இருந்தது. 1991இல் வந்த தழும்பு அது. நான் அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். ஆண்டை வீட்டு வாழைக்கொல்லையில் களைக்கொல்லி அடிக்கப் போனவர் பொழுது சாய வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினார். சட்டையோடு தோலும் உரிந்து வந்தது. டேங்க் மூடியில் வாஷர் தேய்ந்துபோய் காலையிலிருந்தே முதுகில் ஒழுகியிருக்கிறது. அப்பா சொல்லியிருக்கிறார். "இன்னும் நாலு டேங்குதானடா, முடிச்சிட்டுப் போ" என்று பதில் வந்திருக்கிறது.

எங்க அப்பாயி கொப்புளத்தைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டது. "ஆத்தா வந்துட்டா. யாரும் ஒண்ணும் பேசாதீங்க" என்று சொல்லி, தரையில் வேப்பிலையைப் பரப்பி அப்பாவைக் குப்புறப் படுக்கவைத்தது. வீட்டில் தாளிப்பு நின்றது. அம்மை கண்ட உடம்பை ஆஸ்பத்திரிக்குத் தூக்கக் கூடாது என்பதால் யாரும் ஆஸ்பத்திரியை நினைக்கவில்லை. புண் ஆறின பிறகு அப்பாயி சமயபுரத்துக்கு நடந்தே போனது. கோயில் வாசலில் கண், கை, கால் என்று தகட்டில் அடித்த உரு விற்பார்கள். எந்த உறுப்புக்கு நோவோ அதை வாங்கி உண்டியலில் போட வேண்டும். முதுகுக்குத் தனியாக உரு கிடையாது என்று கடைக்காரர் முழு ஆள் உருவைக் கொடுத்தாராம். அப்பாயி அதைத்தான் போட்டுவிட்டு வந்தது.

அப்பா 2009இல் இறந்தார். கடைசி நாலு வருஷம் மூச்சு வாங்கியது, இருமல் விடவேயில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டில் பழக்கம் என்ற இடத்தில் பீடி என்று எழுதியிருந்தது. தொழில் என்ற இடத்தில் கூலி என்று எழுதியிருந்தது. என்ன கூலி, எதைச் சுமந்த கூலி, எத்தனை வருஷம் என்று ஒருவரும் கேட்கவில்லை. மருந்தால்தான் செத்தார் என்று நான் இங்கே சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்ல என்னிடம் ஆதாரம் கிடையாது. பதினெட்டு வருஷம் விஷத்தை முதுகில் சுமந்த ஒரு மனுஷனைப் பற்றி ஒரு துண்டு ஆதாரம்கூட இல்லாமல் போனது எப்படி என்பதைத்தான் எழுத வருகிறேன்.

*

அளப்பது எங்களுக்குப் புதுசில்லை. தாத்தா காலத்தில் கூலி நெல்லாக வந்தது. களத்துமேட்டில் வாரம் வாங்கும்போது மரக்காலைக் குமித்து அளப்பார்களாம். கூலி கொடுக்கும்போது தலைவழித்து அளப்பார்களாம். மரக்கால் ஒன்றுதான், அதைப் பிடித்த கையும் ஒன்றுதான். தாத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அளக்கிறவன் கை எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்க்கத் தெரியும். அவர் பேரன் நான் வேதியியல் படித்துப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறேன். பையன்களுக்குப் பிப்பெட்டில் ஒரு சொட்டுக்கூட தவறாமல் அளக்கச் சொல்லிக் கொடுக்கிறேன். எங்கப்பா விஷத்தை அளந்தது பாட்டில் மூடியால். ஒரு டேங்குக்கு இத்தனை மூடி, களை கெட்டியாக இருந்தால் ஒரு மூடி கூட. அவ்வளவுதான் அளவு.

சமயபுரம், மண்ணச்சநல்லூர், லால்குடி பக்கமெல்லாம் வாய்க்கால் பாசனம். நெல்லும் வாழையும்தான். எங்க ஊர் பெருவளை வாய்க்கால் தண்ணியில் வாழ்கிற ஊர். நடவும் களையெடுப்பும் சேரிப் பொம்பளைகள் வேலை. அம்மா கணக்கில் ஏக்கருக்குப் பதினைந்து பேர், இரண்டு களை. "கோரைய கிழங்கோட புடுங்கணும். மேலாப்புல அறுத்தா நாலாம் நாளு தலைதூக்கிரும்" என்று சொல்லும். காலையிலிருந்து குனிந்த இடுப்பு சாயந்திரம்தான் நிமிரும். கால் விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். வெந்து வெளுத்து, ராத்திரி ஆனால் அரிக்கும். மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துத் தடவிக்கொண்டு மறுநாள் அதே சேற்றில் இறங்குவார்கள்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு வருஷம், பழைய கூலிக்கு இறங்க மாட்டோம் என்று எங்க தெருப் பொம்பளைகள் மூன்று நாள் வாய்க்கால் கரையில் உட்கார்ந்துவிட்டார்கள். நாலாம் நாள் கூலி ஏறியது. அடுத்த போகத்தில் கடையிலிருந்து பாட்டில் வந்தது. பதினைந்து பேர் ஒரு நாள் செய்த வேலையை ஒரே ஆள் அரைநாளில் முடித்தான். ஆள் கிடைக்கவில்லை, அதனால் களைக்கொல்லி வந்தது என்றுதான் விவசாயப் பத்திரிகைகள் எழுதும். எங்க ஊரில் ஆள் கிடைத்தார்கள். கூலி கேட்டார்கள். பொம்பளைகளுக்கு வேலை போனது, ஆம்பளைகளுக்கு விஷம் வந்தது என்று அம்மா இதை ஒரே வரியில் சொல்லிவிடும்.

அந்தப் பாட்டில் எங்கிருந்து வந்தது என்பதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 2,4-டி என்கிற களைக்கொல்லி இரண்டாம் உலகப் போர்க்கால ஆராய்ச்சியில் பிறந்து 1940களின் நடுவில் கடைக்கு வந்தது. வியட்நாம் காடுகள் மேல் அமெரிக்க விமானங்கள் கொட்டிய ஏஜென்ட் ஆரஞ்சில் பாதி அதுதான். பாராகுவாட்டை இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. கம்பெனி 1962இல் விற்க ஆரம்பித்தது. கிளைபோசேட்டை அமெரிக்காவின் மான்சாண்டோ 1974இல் கொண்டுவந்தது. நெல்லுக்கு பூட்டாகுளோர் வந்தது. இதை நட்ட மூன்று நாலு நாளில், வயலில் தண்ணியை மெல்லிசாக நிறுத்தி, மணலில் கலந்து கையால் விசிறவேண்டும். ஹெக்டேருக்கு 50 கிலோ மணல் என்பது வேளாண் பல்கலைக்கழகத்தின் சிபாரிசு. மணலில் கலப்பது எந்தக் கை என்று சிபாரிசில் இருக்காது. எங்க ஊரில் சாக்கை விரித்து, மணலைக் கொட்டி, மருந்தை ஊற்றிப் புரட்டிக் கொடுத்தது பொம்பளைகள் கை. பச்சரிசி மாவு பிசைகிற மாதிரி பிசைவார்கள்.

*

வயலில் நிற்கிறவன் உடம்பில் எவ்வளவு மருந்து படுகிறது என்று அளக்க முடியுமா? முடியும். அறுபது வருஷத்துக்கு முன்னாலேயே வழி கண்டுபிடித்துவிட்டார்கள். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்து ஆப்பிள் தோட்டப் பகுதியில் வேலை பார்த்த டர்ஹாம், உல்ஃப் என்ற இரண்டு பேர் 1962இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஏட்டில் இதை எழுதினார்கள். மருந்தடிக்கிறவன் உடம்பில் பல இடங்களில் சின்னச் சின்ன துணிப் பட்டைகளை ஒட்டிவிடுவது. வேலை முடிந்ததும் அதைப் பிரித்து, அதில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று பார்ப்பது. அந்த இடத்துத் தோலின் பரப்பால் பெருக்கினால் மொத்தக் கணக்கு வந்துவிடும். அவர்களும் அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களும் கண்ட முக்கியமான விஷயம், மூக்கு வழியாகப் போவதைவிடத் தோலில் படுவதுதான் பல மடங்கு அதிகம் என்பது. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு அடித்தால் போதும் என்று கடைக்காரர் சொல்லி அனுப்புவது எவ்வளவு அரைகுறை என்பது இதிலிருந்தே தெரியும்.

இதைப் படித்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கணக்குக்குள் ஒரு அனுமானம் இருக்கிறது. வேலை செய்கிறவன் அரைக்கைச் சட்டை போட்டிருக்கிறான், காலர் பொத்தான் திறந்திருக்கிறது, கையுறையும் தொப்பியும் இல்லை. உடுத்திய துணி மூடின இடத்தில் மருந்து படவே இல்லை என்று வைத்துக்கொண்டார்கள். ஆக முகம், கழுத்து, நெஞ்சுக்குழி, முன்கை, உள்ளங்கை மட்டும்தான் கணக்கு. கால் கணக்கில் இல்லை. ஏனென்றால் அந்த ஊர்க்காரன் பேண்டும் பூட்ஸும் போட்டிருக்கிறான். எங்கப்பா லுங்கியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு போனவர். முதுகில் டேங்கை மாட்டிக்கொண்டு, முன்னால் அடித்து, அடித்த களைக்குள்ளேயே நடக்கிறவனுக்குக் காலில்தான் அதிகம் படும். எங்க உடம்பில் அதிகம் நனைகிற இடம் அந்தப் பழைய கணக்கில் பூஜ்யம்.

தோலும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. 1971இல் மேபாக் என்ற தோல் டாக்டரும் அவரோடு இருந்தவர்களும் பாரத்தியான் என்ற பூச்சிமருந்தை ஆட்களின் உடம்பில் இடம் இடமாகத் தடவிப் பார்த்தார்கள். முன்கையில் தடவியதில் நூற்றுக்கு ஒன்பது பங்குகூட உள்ளே போகவில்லை. நெற்றியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனது. விரைப்பையில் தடவியது கிட்டத்தட்ட முழுசாக உள்ளே போய்விட்டது. டேங்க் ஒழுகினால் தண்ணி முதுகுத்தண்டு வழியாக இறங்கி எங்கே போய்ச் சேரும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

களைக்கொல்லிக்கு இன்னொரு கணக்கு. பாராகுவாட்டோ கிளைபோசேட்டோ நல்ல தோல் வழியாகக் கொஞ்சம்தான் இறங்கும் என்று கம்பெனிகள் சொல்லும். அது பொய்யில்லை. ஆனால் பாராகுவாட் பட்ட தோல் நல்ல தோலாக இருக்காது, அது தோலையே அரிக்கும். அரித்த வழியாக இறங்கும். ஒழுகுகிற டேங்கைச் சுமந்து, முதுகுப் புண் வழியாக விஷம் இறங்கிச் செத்தவர்கள் கதை மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. பிறகு எங்க பொம்பளைகள் கால் விரல் இடுக்கு. மருந்து விசிறின இரண்டாம் நாளே போக்கு நடவுக்கு இறங்குகிற கால்களில் நல்ல தோல் எங்கே இருக்கிறது? சேற்றுப்புண் வழியாக எவ்வளவு இறங்கும் என்று அளந்த ஆய்வு ஒன்றையும் நான் இதுவரை படித்ததில்லை.

*

எங்க ஜில்லா உடம்பை யாருமே அளக்கவில்லை என்று சொன்னால் அது பாதி உண்மைதான். கடல் தாண்டிப் போன உடம்பை அளந்தார்கள்.

சிலோன் தோட்டங்களுக்கு ஆள் பிடிக்க வெள்ளைக்காரத் துரைமார்கள் 1904இல் சிலோன் லேபர் கமிஷன் என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். அதன் தலைமை இடம் திருச்சிராப்பள்ளி. கங்காணிகள் எங்க சேரிகளில் வந்து ஆள் எடுத்தார்கள். எங்க தாத்தாவின் தம்பி அப்படிப் போனவர். அவர் மகன், எனக்குச் சித்தப்பா முறை, தேயிலை மலையில் பிறந்து, 1983 கலவரத்துக்குப் பிறகு ராமேசுவரம் வழியாகத் திரும்பி வந்தார். மலையில் அவருக்கும் மருந்து அடிக்கிற வேலைதான். "அங்க தேயிலைக்கு அடியில அடிச்சேன், இங்க வாழைக்கு அடியில அடிக்கிறேன். சம்பளச் சீட்டு மட்டும்தான் இங்க இல்ல" என்று சிரிப்பார். நகம் கறுத்து விழுந்து முளைக்கும் என்றும், மூக்கில் ரத்தம் வரும் என்றும் அவர்தான் எனக்கு முதலில் சொன்னவர். அது இரண்டும் பாராகுவாட்டின் அடையாளம் என்று பிற்பாடு புத்தகத்தில் படித்தேன்.

1981இலும் 1982இலும் மலேசியத் தோட்டங்களில் பாராகுவாட் அடிக்கிற தொழிலாளரை அளந்து, உடல்நிலையைச் சோதித்து, பிரிட்டிஷ் தொழில் மருத்துவ ஏட்டில் இரண்டு கட்டுரைகள் வந்தன. 1993இல் இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரைப் பற்றி இரண்டு கட்டுரைகள் வந்தன. ஒன்று உடம்பில் பட்ட அளவு. இது உலக சுகாதார நிறுவனத்தின் அதே ஏட்டில் வந்தது. மற்றது நுரையீரலும் மற்ற உறுப்புகளும். சராசரியாக 12 வருஷம் மருந்தடித்த 85 பேரை, மருந்தடிக்காத தோட்டத் தொழிலாளரோடு ஒப்பிட்டார்கள். மருந்தடித்ததால் உடம்புக்குக் கெடுதல் இல்லை, நுரையீரலுக்குச் சேதமில்லை என்பது முடிவு. அளந்தவர்களில் பாராகுவாட்டைத் தயாரித்த ஐ.சி.ஐ. கம்பெனியின் விஞ்ஞானிகள் இருந்தார்கள். கட்டுரையிலேயே பெயரோடு கம்பெனியும் போட்டிருக்கிறது, ஒளிக்கவில்லை. மலேசிய ரப்பர், செம்பனைத் தோட்டங்களிலும் இலங்கைத் தேயிலை மலையிலும் பாடுபட்டவர்களில் பெரும்பகுதி நம் பக்கத்திலிருந்து போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

அந்த விஞ்ஞானிகள் பொய் எழுதினார்கள் என்று நான் குற்றம் சொல்லவில்லை. அவர்கள் பார்த்ததை எழுதியிருக்கலாம். ஆனால் இன்றைக்கு வேலையில் நிற்கிறவனை மட்டும் கூப்பிட்டு அளந்தால், மூச்சு முட்டி வேலையை விட்டுப் போனவன் கணக்கில் வரமாட்டான். அவன் லயத்தில் படுத்திருப்பான், அல்லது சித்தப்பா மாதிரி கப்பலேறியிருப்பான். தொழில் மருத்துவம் படித்தவர்களுக்கு இந்த ஓட்டை தெரியும். தாத்தாவுக்கும் தெரிந்திருக்கும். மரக்காலைத் தலைவழித்தால் மேலே குமிந்து நிற்கிற நெல்தான் கீழே விழும்.

மலேசியாவில் மருந்தடித்தவர்களில் கணிசமான பேர் பெண்கள். 1991இல் ஐரீன் பெர்னாண்டஸ் தொடங்கிய தெனாகனித்தா என்ற அமைப்பு தோட்டங்களுக்குள் போய், அந்தப் பெண்களிடமே கேட்டுக் கேட்டு எழுதி 2002இல் ஒரு அறிக்கை கொண்டுவந்தது. நகம், மூக்கு ரத்தம், கண், தோல் என்று பெண்கள் சொன்னதைப் பதிந்தது. அதே வருஷம் மலேசிய அரசு பாராகுவாட்டை நிறுத்துவதாக அறிவித்தது. 2006இல் மறுபடி அனுமதித்தது. 2020 ஜனவரியிலிருந்துதான் முழுத் தடை வந்தது. ஐரீன் 2014இலேயே இறந்துவிட்டார். இலங்கை 2008இல் தொடங்கிப் படிப்படியாகப் பாராகுவாட்டை ஒழித்தது. அதற்கு முக்கியக் காரணம் அதைக் குடித்துச் செத்தவர்கள் எண்ணிக்கை. கொஞ்சம் குடித்தாலே சாவு, மாற்று மருந்து கிடையாது. குடித்துச் செத்தால் கணக்கில் வரும். அடித்து நோகிறவன் எந்தக் கணக்கில் வருவான்?

*

நம் நாட்டுச் சட்டத்தைப் பார்ப்போம். 1958இல் கேரளாவில் பாரத்தியான் கலந்துபோன கோதுமை மாவைத் தின்று நூறு பேருக்கு மேல் செத்தார்கள். அதிலிருந்து கமிட்டி, அதிலிருந்து 1968ஆம் வருஷத்துப் பூச்சிக்கொல்லிச் சட்டம். சட்டம் பிறந்தது தின்றவர்கள் சாவில், தெளித்தவர்கள் சாவில் இல்லை. ஆனாலும் 1971இல் வந்த விதிகளில் நல்ல வார்த்தைகள் இருக்கின்றன. மருந்தைக் கையாள்கிறவர்களையும் தெளிக்கிறவர்களையும் வேலைக்கு வைக்கும் முன் டாக்டர் பரிசோதிக்க வேண்டும், பிறகும் குறிப்பிட்ட இடைவெளியில் பரிசோதிக்க வேண்டும், பாதுகாப்பு உடை கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. அம்பது வருஷம் தாண்டியும் எங்க சேரியில் ஒருத்தரை ஒரு டாக்டர் அதற்காகத் தொட்டதில்லை.

2006இல் தமிழ்நாட்டு விவசாயிகள் 631 பேரைக் கேட்டு ஒரு ஆய்வு வந்தது. நூற்றுக்கு 88 பேர் எந்தப் பாதுகாப்பும் இல்லாமல்தான் மருந்தைத் தொட்டிருக்கிறார்கள். கண் எரிச்சல், அளவுக்கு மீறிய வேர்வை, தொண்டை வறட்சி என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்கு முந்தின வருஷம் ஆந்திராவின் பருத்திக் காட்டுப் பெண்களை வைத்து ஒரு ஆய்வு வந்தது. மருந்தைக் கலந்து டேங்கை நிரப்பிக் கொடுக்கிற பெண்ணுக்கும் அடிக்கிற ஆணுக்கும் ஆபத்து சமம்தான் என்று அது சொன்னது. சின்ன விவசாயிக்கும் ஏழைக்கும் கடுமையான விஷப் பாதிப்பு பெரிய நிலக்காரனைப்போல் பத்து மடங்கு என்றும் சொன்னது. 2017இல் மகாராஷ்டிரத்து யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்து இருபது பேருக்கு மேல் செத்தார்கள். அதே வருஷம் எங்களுக்கு அடுத்த பெரம்பலூர் பக்கத்திலும் பருத்திக்கு அடித்தவர்கள் செத்தார்கள். இவையெல்லாம் பெரும்பாலும் பூச்சிமருந்து பற்றியவை. பூச்சிமருந்தில் பலவும் உடனே ஆளைச் சாய்க்கும், பேப்பரில் வரும். களைக்கொல்லி மெதுவாக வேலை செய்யும். கிளைபோசேட்டும் 2,4-டியும் சில நாளில் மூத்திரத்தோடு வெளியேறிவிடும். அடித்த அன்றும் மறுநாளும் மூத்திரத்தைப் பிடித்தால்தான் அளவு தெரியும். அஞ்சாறு நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போகிறவன் உடம்பில் சாட்சி இருக்காது.

2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு, கிளைபோசேட் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று வகைப்படுத்தியது. அமெரிக்க அரசு அமைப்பு இல்லை என்றது. சண்டை இன்னும் ஓயவில்லை. 2018இல் கலிபோர்னியாவில் டுவைன் ஜான்சன் என்ற கறுப்பினத் தொழிலாளி, பள்ளிக்கூட மைதானத்தில் களைக்கொல்லி அடித்தவர், கம்பெனிமேல் வழக்குப் போட்டு ஜெயித்தார். மருந்தில் உடம்பெல்லாம் நனைந்ததை அவர் கோர்ட்டில் சொன்னார். ஒரு தொழிலாளியின் வாய்மொழி அங்கே அளவாக ஏற்கப்பட்டது. இந்தியாவில் 2022 அக்டோபரில், பயிற்சி பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டு ஆட்கள் மட்டும்தான் கிளைபோசேட்டை அடிக்கலாம் என்று மத்திய அரசு உத்தரவு போட்டது. அந்த ஆட்களை எங்க ஊர் வரப்பில் நான் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் எங்க தெருப் பையன்களைத்தான்.

இதிலெல்லாம் எழுதப்படாத ஒன்று இருக்கிறது. தோலில் பட்ட மருந்தை எவ்வளவு சீக்கிரம் கழுவுகிறோமோ அவ்வளவு குறையும் என்று எல்லா ஆய்வும் ஒரே வாயாகச் சொல்லும். எங்கப்பா காலத்தில் ஆண்டையின் பம்புசெட்டுத் தொட்டியில் நாங்கள் கைவைக்கக் கூடாது. வாய்க்காலுக்குத்தான் போக வேண்டும். வாய்க்காலில் தண்ணி இல்லாத மாசத்தில் அப்படியே வீட்டுக்கு வர வேண்டும். தாகம் எடுத்தால் செம்பு கிடையாது, மேலேயிருந்து ஊற்றுவார்கள், இரண்டு கையையும் சேர்த்து ஏந்திக் குடிக்க வேண்டும். எந்தக் கை? மூடி மூடியாக விஷத்தை அளந்த கை. மணலில் மருந்தைப் பிசைந்த கை. அந்தக் கையில் விழுந்த தண்ணிதான் வாய்க்குள் போனது. தோல் வழி, மூச்சு வழி என்று புத்தகத்தில் இருக்கிறது. சாதி வழியாக விஷம் இறங்குவதற்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

*

2019இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சித்தப்பா மகனோடு சேர்ந்து நானே ஒரு அளவு எடுத்துப் பார்த்தேன். பெரிய ஆராய்ச்சி ஒன்றும் இல்லை. மருந்துக்குப் பதிலாக டேங்கில் 16 லிட்டர் தண்ணியும் சொட்டு நீலமும். பழைய வெள்ளை வேட்டியைச் சதுரமாகக் கிழித்து அவன் சட்டையிலும் லுங்கியிலும் அம்மா தைத்துக் கொடுத்தது. தோள், முதுகு, இடுப்பு, தொடை, முழங்கால், கணுக்கால் என்று பதினாலு துண்டு. வழக்கம்போல வாழைக்கு அடியில் மூன்று டேங்க் அடித்தான். முடிந்ததும் பிரித்து வரிசையாகக் கொடியில் போட்டோம். நெஞ்சுத் துண்டில் அங்கங்கே புள்ளி. முழங்காலுக்குக் கீழே இருந்தவை முழு நீலம். இடுப்பில் பின்பக்கத் துண்டைப் பிழிந்தால் நீலத் தண்ணி சொட்டியது. டேங்க் புதுசுதான், வாஷரும் நன்றாகத்தான் இருந்தது. பிறகு மணலில் நீலத்தைக் கலந்து அம்மாவைப் புரட்டச் சொன்னோம். முழங்கை வரைக்கும் நீலம். அன்னக்கூடையை இடுப்பில் வைத்துத் தூக்கியதில் சேலை மடிப்பும் நீலம்.

அதற்குள் அவனுக்குத் தாகம். இப்போது எங்களை யாரும் தொட்டியில் தடுப்பதில்லை. பக்கத்தில் பாட்டில் தண்ணியும் இருந்தது. அவன் பழக்கத்தில் போர் குழாயடியில் குனிந்து, கழுவாத இரண்டு கையையும் சேர்த்து ஏந்திக் குடித்துவிட்டு நிமிர்ந்தான். உதடெல்லாம் நீலம். சின்னப் பிள்ளைகள் பார்த்துச் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கொடியில் தொங்கிய துண்டுகளையும் அவன் வாயையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றது. "உங்கப்பாவுக்கு இது நெறமில்லாம இருந்துச்சு" என்றது.

அப்பாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. டேங்குக்கு இவ்வளவு என்று கூலி என்பதால், ஏமாற்றிவிடுவார்கள் என்று நாள்காட்டித் தாளில் அன்றன்றைக்கு எத்தனை டேங்க் என்று கோடு போட்டு வைப்பார். கூலி கைக்கு வந்ததும் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டுவிடுவார். அமெரிக்காவில் 1993இலிருந்து பல்லாயிரம் விவசாயிகளைத் தொடர்ந்து பார்த்துவருகிற பெரிய ஆய்வில் அவர்கள் கேட்பதும் ஏறக்குறைய இதைத்தான்: என்ன மருந்து, வருஷத்துக்கு எத்தனை நாள், யார் கலந்தது, எப்படி அடித்தது, என்ன போட்டிருந்தாய். அப்பாவின் கோடுகள் அடுப்பில் எரியாமல் இருந்திருந்தால் அவருடைய பதினெட்டு வருஷத்துக்கு ஒரு கணக்கு இருந்திருக்கும். ஆஸ்பத்திரியில் பீடி என்று எழுதினவரிடம் அதை எடுத்து நீட்டியிருப்பேன்.

எங்க தெருவில் இப்போது ஆறு பேர் மருந்தடிக்கப் போகிறார்கள். ஆறு பேருக்கும் நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். தேதி, மருந்தின் பெயர், எத்தனை மூடி, எத்தனை டேங்க், எங்கே நனைந்தது, எப்போது கழுவினாய், ராத்திரி உடம்புக்கு என்ன செய்தது. எழுதத் தெரியாதவருக்கு அவர் பிள்ளை எழுதுகிறது. மணலைப் பிசைகிற பொம்பளைகளுக்கும் நோட்டு வேண்டும் என்று அம்மா சொல்லியிருக்கிறது. இதை வைத்து நாளைக்கே எதையும் நிரூபித்துவிட முடியாது என்று எனக்குத் தெரியும். அதற்கு மூத்திரப் பரிசோதனை வேண்டும், நம் பக்கத்து டாக்டர்கள் வேண்டும், அரசாங்கம் தன் 1971 விதியைத் தானே மதிக்க வேண்டும். அது வருகிற அன்றைக்கு எங்களிடம் கணக்கு இருக்க வேண்டும். இந்தத் தடவை மரக்கால் எங்கள் கையில் இருக்கட்டும்.